கறுப்பு அவரை

மழைக்குப் பயந்து ஓடிவந்த வேகத்தில், தோட்டத்து வாசலில் மிக்கா யார் மார்பிலோ போய் முட்டிக்கொண்டாள். தலையை மூடியிருந்த ஆண்பிள்ளைப் போர்வை நழுவியது. சட்டென்று இழுத்துவிட்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்... அப்பா, அவனுக்குத்தான் என்ன கண்கள்! நனைந்த ஒலிவ இலைபோல் சாம்பலும் பச்சையுமாய்...

"கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்றான்.

"வாசலை மறிச்சுத் தூணாட்டம் நின்னா முட்டாம என்ன பண்றதாம்?" குரலைக் கட்டையாக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

அவன் காற்றை முகர்ந்தான். "பொண்ணுங்க பூசுற லில்லித் தைல வாசனை வருதே..."

"எங்கப்பா தைல வியாபாரி."

அது பொய்யில்லை. அப்பா கப்பலேறிப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் மிக்கா, மிக்கோன் என்ற பையனாக, ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த இந்தத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருந்தாள். நீதி என்றால் என்ன, நல்ல நகரம் எப்படி இருக்கும் என்று ஆசான் பேசுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை. பெண் என்று தெரிந்தால் அன்றே வெளியே தள்ளிவிடுவார்கள்.

முட்டியவன் பெயர் தோரியோன். மூத்த மாணவன். வாசலில் அவன் பார்த்த பார்வை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் அப்படிப் பார்த்தான்?

பாடம் முடிந்ததும் வேறொரு கலக்கம். பையன்கள் எல்லோரும் உடையைக் களைந்து, எண்ணெய் பூசிக்கொண்டு மல்யுத்தத்துக்கு இறங்குவார்களாம்! ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் இருவருக்கு மட்டும்தான் விதிவிலக்கு. ஒருவன் எப்போதும் தோரியோன். இன்னொருவன், ஜாடி நிறைய இருக்கும் வெள்ளை அவரைகளுக்குள் கையை விட்டு ஒரே ஒரு கறுப்பு அவரையை எடுக்கிறவன்.

"புதுசா வந்தவங்க முதல்ல எடுக்கணும்," என்று தோரியோன் ஜாடியை நீட்டினான்.

கறுப்பு. அப்பாடா!

மறுநாளும் கறுப்பு. அதற்கு அடுத்த நாளும்... அதிர்ஷ்டம் தினமுமா வரும்? எல்லோரையும் வாய்க்கு வாய் 'டேய்' போடுகிற தோரியோன், அவளை மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. இவனுக்குத் தெரிந்திருக்கிறது... கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறான்!

ஊற்றடியில் குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டான்: "நல்ல நகரத்துல பொண்ணுங்களும் ஆட்சி பண்ணலாம்னு ஆசான் சொன்னாரே... நீ என்ன நினைக்கிற?"

வாயைக் கிளறுகிறான்! "தைலக்காரன் பையனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்றது... சே!

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து ஜாடியைக் கவிழ்த்தாள். அத்தனையும் கறுப்பு. நிமிர்ந்தால், எதிரே தோரியோன்.

"நீதியைப் பத்தி வாய் கிழியப் பேசுறியே, இதுதான் உன் நீதியா? என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தானே இவ்வளவும்?"

"பிடிச்சுக் குடுக்கணும்னா எல்லாத்தையும் வெள்ளையாப் போட்டிருப்பேனே," என்றான் மெதுவாக. "முதல் நாளே மல்யுத்தக் களத்துல மாட்டியிருப்ப."

மிக்கா சிந்திக்கிடந்த அவரைகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் காப்பாற்றியவனையா சந்தேகப்பட்டாள்? ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"உன் நகரத்துல பொண்ணு ஆளலாம். இந்தத் தோட்டத்துல மட்டும் ஒளிஞ்சு உட்காரணுமா?"

"சொன்னா உன்னை அனுப்பிடுவாங்களோன்னு பயம்... நீ வராத தோட்டத்துல எனக்கு என்ன வேலை? உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, மிக்கோன்... உன் நெஜப் பேருகூடத் தெரியாது."

அவள் பெயரைச் சொல்லவில்லை. ஜாடியில் வெள்ளை அவரைகளை அள்ளிப் போட்டு, ஒரே ஒரு கறுப்பைச் சேர்த்தாள்.

அன்று பாடம் முடிந்து ஜாடிக்குள் கையை விட்டபோது வெள்ளைதான் வந்தது. பையன்கள் உடையைக் களையக் கிளம்பினார்கள். மிக்கா ஆசான் முன்னால் போய்த் தலைப் போர்வையை எடுத்தாள்.

"ஐயா, மல்யுத்தத்துக்கு நான் வர முடியாது. நான் பொண்ணு. பேரு மிக்கா. பாடத்துக்கு வரலாமா, கூடாதான்னு நீங்களே சொல்லுங்க."

தோரியோன் எழுந்தான். "ஜாடியில ஏமாத்தினது நான், ஐயா."

ஆசான் மாணவர்களைச் சுற்றிப் பார்த்தார். "பொண்ணும் ஆளலாம்னு சொன்னப்ப எல்லாரும் தலையாட்டினீங்களே, இப்ப ஏன்டா ஒரு தலையும் ஆடல?" என்றார். அப்புறம் அவளிடம், "உட்காரும்மா. தோரியோன், ஏமாத்தினதுக்கு இனிமே நீ தனியாத்தான் தண்ணி தூக்கணும்."

அவன் தலையைக் குனிந்தபடி குடங்களை எடுத்தான். ஒன்று கையிலிருந்து நழுவுவதுபோல் இருந்தது. பார்த்தால், மிக்கா பிடித்திருந்தாள்.

"தனியாப் போகச் சொல்லியிருக்காரு..."

"அது உனக்குத் தண்டனை. எனக்கு யாரும் தண்டனை குடுக்கல," என்றாள். கன்னம் சிவந்தது. "இவ்வளவு நாளா ஜாடி சொல்லி வந்தேன்... இன்னிக்கு எனக்கு உன்னைப் பிடிச்சிருக்குன்னு வரேன்."