பெருந்தலைவரின் மூச்சு

மனிதகுலம் காய்ச்சலை வென்றுவிட்டது என்று செவ்வாய்க் குடியிருப்பின் நுழைவாயிலில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அந்த எழுத்தைத் துடைக்கிற ஊழியர்கள் மூவரும் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

மீரா லெப்பை பதினான்கு நாளாகக் கண்ணாடிக் குமிழிக்குள் இருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிற எல்லோருக்கும் அதுதான் சட்டம். பூமிக்குக் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான். எழுபத்திரண்டு வயதில் அடுத்த கப்பலைப் பற்றி அவர் பேசுவதில்லை. கிளம்புமுன் வீடுவீடாகப் போய்த் தன் பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். அதையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றே கேட்டு முடித்தார்.

புறப்படும் நாளில் குமிழியைத் திறந்தார்கள். பயணக் குழுமப் பெருந்தலைவர் பக்கீர் மைதீன், முன்னெச்சரிக்கையின் மகத்துவம் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினார். மூச்சுக்கவசம் போடவில்லை. பிறகு தழுவி வழியனுப்ப இறங்கி வந்தார்.

“தள்ளி நில்லுங்க தலைவரே. சலாம் வாய்ல சொன்னா போதும்” என்றார் லெப்பை.

“என்ன லெப்பை காக்கா, மூத்தவரத் தழுவாம அனுப்புனா ஊரு என்ன சொல்லும்? கவசத்த இறக்குங்க. முகம் படத்துல விழணும்ல.”

“உங்க மூச்சச் சோதிச்சாச்சா?”

“ஒம்பது அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கு.” இருமினார். “தூசி. இந்த ஊருத் தூசி எனக்கு ஒத்துக்கறதில்ல.”

பெரிய மனிதரைக் கூட்டத்தின் நடுவே விலக்க லெப்பைக்குக் கை வரவில்லை. கவசத்தை இறக்கினார். மூன்று முறை தழுவல், மூன்று படம். அவருக்குப் பின்னால் இன்னும் முப்பத்தேழு ஆண்கள் வரிசையில் நின்றார்கள்.

கப்பல் வாசலில் மூச்சறிவான் இருந்தது. ஊதினால் கிருமி ஒட்டிய நேரத்தைக்கூடச் சொல்லிவிடும் கருவி. லெப்பை ஊதினார். சிவப்பு. நாற்பது நிமிடத்துக்கு முன் ஒட்டியது. முப்பத்தெட்டு ஆண்களுக்கும் சிவப்பு. பெண்களைப் பெருந்தலைவர் தழுவவில்லை. அவர்கள் அத்தனை பேருக்கும் பச்சை.

“போயிட்டு வா” என்றார் லெப்பை, பச்சை விழுந்த மனைவி ஜுலைகாவிடம்.

“போறேன். நீங்க சொன்ன துஆ எல்லாத்தையும் அல்லாகிட்ட கேக்கறேன். அந்த ஆளுக்கு என்ன கேக்கணும்னு நானே பாத்துக்கறேன்.”

பெருந்தலைவரும் அதே கப்பலில்தான் போகிறார். மூச்சறிவான் இல்லாத சிறப்பு வாசல் வழியே மேல்தளத் தனியறைக்கு ஏறினார். கப்பல் எழும்பியது.

“அவரு சான்றிதழக் காட்டுங்கய்யா” என்று லெப்பை மேசையைத் தட்டினார். அதிகாரி சுவரில் ஒளிரவிட்டார். பெருந்தலைவருக்கு நேரமில்லாததால் சோதனைக் குழாயைப் பிடித்து நின்றது அவருடைய எந்திரச் செயலாளர். கீழே ஒன்பது கையெழுத்துகள். மேலே இரண்டே வரிகள்.

கிருமி: இல்லை.

மூச்சு: இல்லை.