ஆள் யாருமில்லை

மூன்று மணிக்கு ஆட்டத்தின் சர்வரை நிறுத்தியாகிவிட்டது. மூன்றே காலுக்கும் திரையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பழைய கேம் பெட்டிகளை மூட்டை கட்டத்தான் சிஹோ சோதனை அறைக்கு வந்திருந்தாள். ஜூன் மழை ஜன்னலை விடாமல் அறைந்துகொண்டிருக்க, சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை ஏசி குளிரோடு சேர்ந்து தொண்டையில் ஒட்டியது. கம்பெனியின் ஆன்லைன் ஆட்டம் இனி இந்தப் பழைய பெட்டிகளில் ஓடாது. புதுப்பெட்டி வாங்குகிறவனுக்குத்தான் ஆட்டம். திரையில் ஆட்டத்தின் மீன்சந்தை. கடைகள் காலி. நடுவே வைக்கோல் தொப்பியோடு ஒரே ஓர் உருவம், முதுகைக் காட்டியபடி. தலைக்கு மேல் பெயர்: ஃபுமியே.

அந்தப் பெயர் சிஹோவுக்குத் தெரியும்.

மார்ச்சில் ஃபுமியேயின் தங்கை கம்பெனிக்குக் கடிதம் போட்டிருந்தாள். படுத்த படுக்கையான அக்காவுக்கு அசைவது ஒரு கட்டைவிரல் மட்டும். அதற்குப் பழகியது இந்தப் பழைய பெட்டியின் பட்டன்தான். "அக்கா நடக்கிறது உங்க சந்தையில மட்டும்தாங்க. அவ இருக்கிற வரைக்குமாவது மூடாதீங்க."

சிஹோ வழக்கமான வருத்தக் கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினாள். அதோடு விட்டாளா? மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் கணக்குகளை, ஆளில்லாமல் ஓடும் 'இயந்திரம்' என்று எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவது அலுவலக வழக்கம். தெரிந்தே ஃபுமியேயையும் அதில் தள்ளினாள். அறிக்கையில் விளையாடுவோர்: பூஜ்ஜியம். மூடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டம் நாலே நிமிடத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தில் இருந்த சிஹோவுக்கு வேலை நிரந்தரமானது. குப்பை லாரி ஓட்டும் அப்பா இன்னும் தெருவெல்லாம் அதைச் சொல்லித் திரிகிறார்.

மேலாளர் தொகாஷி கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஹோ-சான், பொட்டிக்குக் கருமாதி நடத்துறியா? வண்டி வந்துடும்."

"இதுல இன்னும் ஒருத்தங்க நிக்கிறாங்க, தொகாஷி-சான்."

"நீதானம்மா பூஜ்ஜியம்னு எழுதின?" சிரித்தார். "ஆள் இல்லேன்னா இல்லதான். வயரைப் பிடுங்கு."

அவர் போய்விட்டார். இணைய வயரைப் பிடுங்கினாள். உருவம் திரும்பியது.

மின்சார வயரையும் பிடுங்கினாள். பிளக் அவள் கையில் இருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை.

அந்த ஆட்டத்துக்குக் காலடி ஓசையே வைத்ததில்லை. இப்போது கேட்டது. சளப். சளப். ஈரத்தரையில் ரப்பர் செருப்பு. திரையில் சந்தை காலியாக இருந்தது. சத்தம் டிவிக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஓடியிருக்கலாம். வெட்கம் ஓட விடவில்லை. இடுப்பு தானாக மடிந்தது.

"நான்தான் எழுதினேன். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சே எழுதினேன். மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக்குக் குனிந்தவர், எதிரே நிற்பவர் 'தலையை நிமிர்த்துங்க' என்று சொல்லும்வரை நிமிரக் கூடாது. அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

மீன் வாடை. பார்வை விளிம்பில் ஆஸ்பத்திரிச் செருப்பு. மேலே குச்சியான கணுக்கால்கள்.

அந்தச் சொல் வரவில்லை.

கதவு திறந்தது. "எங்க போய்த் தொலைஞ்சா இவ?" தொகாஷியின் குரல். அவள் அறை நடுவில்தான் நின்றிருந்தாள். கூப்பிட வாய் திறக்கவில்லை. "ஆள் யாருமில்ல."

விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார்.

பச்சை வெளிச்சம். வேறு மூச்சுச் சத்தம் இல்லை. அவளுடையது மட்டும்.

குனிந்த பிடரியில் ஒரு கட்டைவிரல் வந்து அமர்ந்தது. சில்லென்று.

ஒரு தடவை அழுத்தியது.

சிஹோவின் வலது கால், அவளைக் கேட்காமல், ஓரடி முன்னே எடுத்து வைத்தது.

சளப்.