நிறுத்தாத கை

பக்கத்துக் கட்டிலின் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சாரி சாரியாக, அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி. ஆஸ்பத்திரி என்றால் எறும்பும் இருக்கும், கரப்பானும் இருக்கும் என்று லோடுமேன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

மகனுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு தடுமாறியதும், டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டு அதன் நுனியில் தேங்காய் அளவு ரப்பர் பையை மாட்டினார். மூச்சு விடவைக்கிற மெஷின் பழுது. அந்த வார்டில் பெற்றவர்கள்தான் மெஷின். அமுக்கணும், விடணும், நான் வந்து சொல்றவரைக்கும் நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா போனார். ஆயா லோடுமேனின் கையைப் பார்த்துச் சிரித்தாள். "மூட்டை தூக்குற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அது மத்தியானம். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி, மங்கி, போயே போய்விட்டது. பினாயில் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, ஈரச் சாக்கை மூடிவைத்த மாதிரி, மெல்லக் கிளம்பி வந்தது. வேலை மாறி வந்த புது நர்ஸம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். டாக்டர் வருவார், கையை நிறுத்தாதீங்க என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. தோள்பட்டை மரத்துப்போயிற்று. வார்டு முழுக்க ரப்பர் பைகளின் சத்தம்தான், புஸ்ஸு புஸ்ஸு என்று, ஏதோ பெரிய பிராணி கட்டில்களுக்கு அடியில் படுத்து மூச்சு விடுகிறாற்போல.

இடமில்லாததால் பக்கத்துக் கட்டிலை இதோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண். அவளைப் பெற்றவள் தலைமாட்டில் நின்று அமுக்கிக்கொண்டிருந்தாள். எறும்புகள் போர்வை மேல் ஏறி, அந்தப் பெண்ணின் கை வழியாகக் கழுத்துக்கு வந்து, வாயோரம் போய், உள்ளே இறங்கின. அவள் உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

"ஏம்மா, பாப்பா மேல எறும்பு."

பெற்றவளின் கை நிற்கவில்லை. "தெரியும்ண்ணே."

"நர்ஸைக் கூப்பிடவா?"

அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அழுது காய்ந்த முகம். "வேணாம். வந்தா கையை எடுக்கச் சொல்லுவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அமுக்குற வரைக்கும் நெஞ்சு ஏறுதுல்ல?"

லோடுமேன் தன் மகனைப் பார்த்தார். நெஞ்சு ஏறியது. இறங்கியது.

உயிர் இருக்கிறதா? தொட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு கையும் பையில். முழங்கையை நீட்டினார். எட்டவில்லை. நர்ஸம்மா என்று கூப்பிட வாயெடுத்தார்.

வந்தால்?

வாயை மூடிக்கொண்டார்.

போர்வை மடிப்பைத் தாண்டி ஓர் எறும்பு இந்தப் பக்கம் வந்தது. தலையணையில் ஏறியது. கன்னத்தில் ஏறியது. பிள்ளையின் பாதி திறந்த கண்ணருகே, இமை மயிரில் நின்றது. ஊதினார். போகவில்லை.

கண்ணுக்குள் இறங்கியது. கருவிழி மேல் மெதுவாக நடந்தது.

இமை மூடவில்லை.

அவர் அமுக்கினார். நெஞ்சு ஏறியது.