முடியாத ஒத்திகை

வேலைநிறுத்தம் தொடங்கிய நாளன்று மோனிஷா வழக்கம்போல வேலைக்குப் போனாள். எல்லோருமே போனார்கள். கம்பெனி பஸ்ஸின் படியில் ஏறி மணிக்கட்டைக் காட்டியதும் நாடிப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. "இதயத்துடிப்பு சற்று அதிகம். தண்ணீர் அருந்தவும்" என்று அறிவுரையும் சொன்னது. அந்த அறிவுரை காதில் விழாமல் அவள் பஸ் ஏறிய நாளே கிடையாது.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?" ஜன்னலோரத்தில் இடம்பிடித்து வைத்திருந்த சுருதிகா கேட்டாள். வையம் மோட்டார்ஸின் வயரிங் பிரிவில் இருவருக்கும் எதிரெதிர் மேசை.

"பயமா இருக்குடி."

"உனக்கு எப்பதான் பயமில்ல?"

நியாயமான கேள்விதான். மோனிஷாவுக்கு லிஃப்ட் என்றால் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம், சூப்பர்வைசர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினால் உள்ளங்கை வேர்க்கும். அந்தப் பயங்களோடு அவள் குடித்தனமே நடத்திப் பழகியிருந்தாள். இன்றையது வேறு. தான் எவ்வளவு பெரிய கோழை என்பதை இன்று ஓர் இயந்திரம் ஊரறியச் சொல்லிவிடும் என்ற பயம்.

தொழிற்சாலை வாசலில் சங்கத்தார் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தண்ணீர் கேன். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை, உட்காரவும் கூடாது. சங்கச் செயலாளர் லோகித் அண்ணன் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியூர் லாரி டிரைவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. உள்ளூர்க்காரர்கள் சிரிப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சொந்தமாகக் கார் வாங்கும் வழக்கம் ஒழிந்து, ஒரகடம் தொடங்கி செய்யாறு வரை ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. மிச்சமிருக்கும் ஆலைகள் ஒருநாள் வேலை நின்றாலும் தாங்காது; அதனால் வேலைநிறுத்தம் இனி கணினிக்குள்தான். நாடிப்பட்டை ஒவ்வொருவரின் துடிப்பையும் தூக்கத்தையும் குரலையும் வருடக்கணக்காகச் சேர்த்து, அவரைப் போலவே ஒரு நிகருருவை உருவாக்கி வைத்திருக்கிறது. ஒத்திகை நடுவத்தில் அந்த நிகருருக்கள்தாம் பந்தலில் உட்காரும். பட்டினி கிடக்கும், வீட்டில் சண்டை போடும், மிரட்டப்படும். பிறகு ஒவ்வொன்றாக எழுந்து வேலைக்குத் திரும்பும். எல்லாம் திரும்பிவிட்டால் சங்கம் தோற்றது. திரும்பும்முன் கம்பெனித் தரப்பு நிகருரு கோரிக்கைக்கு இறங்கிவந்தால் சங்கம் ஜெயித்தது. நிஜ மனிதர்கள் அதுவரை போல்ட் முடுக்கிக்கொண்டிருப்பார்கள். கணினிக்குள் மாதங்கள் நிமிடங்களில் ஓடிவிடும் என்பதால், பொதுவாகச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

இம்முறை கோரிக்கை ஒன்றே ஒன்று. இரண்டாம் ஷிப்டை மூடக்கூடாது. மூடினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டும். எந்தப் பாதி என்பதைக் கம்பெனி முடிவு செய்யும்.

நிகருருவுக்கு வீரம் ஏற்றுவதற்காக லோகித் அண்ணன் ஒரு மாதமாக எல்லோருக்கும் பயிற்சி கொடுத்திருந்தார். சூப்பர்வைசரைப் பார்த்தால் நெஞ்சை நிமிர்த்தவேண்டும், மேசையைத் தட்டிப் பேசவேண்டும், பட்டை அதைக் குறித்துக்கொள்ளும். கேன்டீனில் ஒரு மாதம் ஒரே மேசைத் தட்டல். சாம்பார் வாளிகூட அதிர்ந்தது. மோனிஷாவும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். தட்டிய கையோடு சூப்பர்வைசரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். அவளால் சங்கமே தோற்றுவிடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. தீர்ப்பு வரவில்லை.

தேநீர் வேளையும் போயிற்று. சுவரில் இருந்த திரை 'ஒத்திகை நடைபெறுகிறது' என்பதையே காட்டிக்கொண்டிருந்தது. வயர்களைக் கட்டும் கைகள் எல்லா மேசையிலும் தடுமாறின. இப்படி இழுத்ததை யாரும் பார்த்ததில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சா?" சுருதிகா, அந்தப் பக்கம் வந்த லோகித் அண்ணனிடம் கேட்டாள்.

"நடுவத்துல கேட்டேம்மா. மிஷின் நல்லாத்தான் கீதாம். ஒத்திகைதான் முடியலையாம்." அவர் முகம் வெளுத்திருந்தது. "உள்ள எத்தினி வருசம் ஓடிச்சுன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்றாங்கோ."

அப்போதுதான் மோனிஷாவின் பட்டை அதிர்ந்தது. மனிதவளப் பிரிவுக்கு உடனே வரவும். எதிர் மேசையிலிருந்து சுருதிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஓடியவள் நான்தான், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

மனிதவள அதிகாரி பிரணவ், அவளைவிட வயதில் சிறியவர். ஏசி அறையில் அவருக்கு வேர்த்திருந்தது.

"உக்காருங்க மோனிஷா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நான் எதுவும் பண்ணல சார்."

"அதான் பிரச்சினையே." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "எல்லா நிகருருவும் திரும்பிடுச்சு. உங்க லோகித் முதல் வாரமே திரும்பிட்டாரு. மேசை தட்டினவங்க எல்லாரும் அவர் பின்னாலயே. ஒருத்தர் மட்டும் திரும்பல. கடைசி ஆள் திரும்பினாத்தான் வேலைநிறுத்தம் முடிஞ்சதா அர்த்தம். அது சட்டம்."

திரையில் அதே பந்தல். துணி கிழிந்து தொங்கியது. நாற்காலிகள் சரிந்து கிடந்தன. ஒன்றில் மட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. மடியில் கோத்திருந்த கைகளை மோனிஷாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"அதுக்குப் பயம் இருக்கா இல்லையான்னு பாத்தோம்," என்றார் பிரணவ். திரையின் ஓரத்தில் துடிப்பின் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. "ஆரம்பத்துல இருந்து பயந்துட்டேதான் இருக்கு. மத்தவங்களுக்குப் பயம் வந்ததும் எழுந்துட்டாங்க. இதுக்குப் பயம் புதுசில்ல போல. பயந்துக்கிட்டே தினமும் வந்து உக்காருது."

"இது தப்பு சார். நான் அப்படியெல்லாம் இல்ல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவர் குரல் இளகியது. ஒலிவாங்கியை அவள் முன் தள்ளி வைத்தார். "'இந்த நிகருரு நான் இல்லை' அப்படின்னு சொந்தக் குரல்ல ஒரு வார்த்தை. நடுவம் அதை நீக்கிடும். ஒத்திகை முடிஞ்சிடும். உங்க வேலை பத்திரம், நான் எழுதியே தரேன்."

"சுருதிகாவுக்கு?"

"அதை இப்ப சொல்ல முடியாது."

"சொல்லலன்னா?"

"ஒத்திகை முடியாது, ஷிப்டை மூட முடியாது. ஆனா மேலிடம் சும்மா இருக்காது மோனிஷா. ஆலையையே மூடிட்டுப் போயிடுவோம்னு பேசறாங்க. அப்ப எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டியது நீங்க."

நிஜமா மிரட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கண் மேசைமேலிருந்த போனின் பக்கமே போய்வந்தது. அவருக்கும் தெரியாது போலிருந்தது. கீழே ஒரு தளம் முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். ஆலை போனால் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இதுவரை தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அதை அப்படியே சொன்னால் போதும். நான் கோழை சார், அது நான் இல்லை சார்.

ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள். திரையிலிருந்த பெண் மழைக்குச் சற்று நகர்ந்து, நனையாத ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாவமாக இருந்தது. துணைக்கு யாருமே இல்லை அவளுக்கு. தானும் கைவிட்டால் இனி யாரும் இருக்கப் போவதில்லை.

"அது நான்தான்," என்றாள் மோனிஷா. குரல் உடைந்து, பாதி காற்றாகத்தான் வந்தது. ஒலிவாங்கிக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரணவ் கண்ணை மூடித் திறந்தார். "யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள். இப்போது பயம் முழுசாக வந்து பிடித்துக்கொண்டது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. பிரணவ் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"நீங்க போகலாம்," என்றார்.

மோனிஷா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.