அஞ்சியோர்க்கு அடைக்கலம்

"மெய்யச்சம். கோடு கடந்தது" என்று அச்சமானி அறிவித்ததும் விசாரணைக் கூடத்திலிருந்த காவலர்கள் ஒருங்கே மூச்சு விட்டனர். வழக்கு முடிந்தது என்பது அதன் பொருள்.

காவலர் பேச்சிமுத்துவின் மணிக்கட்டிலிருந்து கழற்றப்பட்ட அக்கருவி, கோட்டாட்சியர் மங்கையர்க்கரசியின் மேசைமேல் மெல்லிய வளையல்போலக் கிடந்தது. குருதியின் ஓட்டத்தையும் நரம்பின் நடுக்கத்தையும் அளந்து, ஒருவன் அஞ்சினானா, அஞ்சியதாக நடித்தானா எனப் பிரித்தறிவது அதன் தொழில். அளவு கோட்டைக் கடந்தால் வளையல் சிவக்கும். துப்பாக்கிச் சூடுகளில் பொய்ச்சாட்சியம் மலிந்த காலத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். சட்டமும் பின்தொடர்ந்து வந்தது. அரசின் பெயரால் செயல்படுவோர் எவராயினும், மெய்யாக அஞ்சிச் செய்தது குற்றமன்று. அஞ்சாமல் செய்ததற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. சுடுபவர் மட்டுமன்றி, ஆணை எழுதுபவரும் அதை அணிய வேண்டும். மங்கையர்க்கரசியின் கையிலும் ஒன்று வெண்மையாக இருந்தது.

"அவ்வளவுதான் மேடம், கையெழுத்துப் போட்டா கிளம்பலாம்" என்றார் காவல் கண்காணிப்பாளர் ஆதிமூலம். "நம்ம மாவட்டத்துல ஒரு கேஸ்லகூடக் கோடு தாண்டாம இருந்ததில்ல. பசங்க அவ்வளவு நேர்மையாப் பயப்படுறாங்க."

சிலர் சிரித்தனர். கூடத்தின் கடைசி நாற்காலியில் இருந்த சந்தனமாரி சிரிக்கவில்லை. பேச்சிமுத்து சுட்டதில் இறந்த உப்பளத் தொழிலாளி கொம்பையாவின் மனைவி அவள்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"திருடனத் தேடி வந்தவிய, கையத் தூக்குன்னு சொன்னாவ. எங்க வீட்டுக்காரவ தூக்கிட்டாவ. உப்பு வாருத பலகையப் பாத்தியில போட்டா சேறு கலங்கி உப்பு பாழாப் போவும்னு, பலகையோட சேத்துத் தூக்கிட்டாவ. அம்புட்டுதான்." அவள் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். "இந்தத் தம்பி பயந்தது நெசந்தான். இல்லேங்கல. ஆனா அவிய கையிலயும் ஒரு வளையலப் போட்டிருந்தா, ரெண்டு பேருல ஆரு அதிகமாப் பயந்தாவன்னு தெரிஞ்சிருக்குமே?"

ஆதிமூலம் பொறுமையாகத் திரும்பினார். "துப்பாக்கி இல்லாதவங்க பயத்த எதுக்கும்மா அளக்கணும்?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் மங்கையர்க்கரசியின் நெஞ்சில் தைத்தது.

"பேச்சிமுத்து, கொம்பையாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி உங்க வளையல் என்ன நிறத்துல இருந்துச்சு?"

"சிவப்பும்மா."

"எப்பயிருந்து?"

"காலையிலருந்து. தெனமும் அப்படித்தான்." அவன் தன் வெறும் மணிக்கட்டைத் தடவினான். "பயிற்சியில இருட்டு ரூமுல உக்கார வெப்பாவம்மா. சுத்திலும் திரையில படம் ஓடும். கையத் தூக்குதவன், குனியுதவன், சிரிக்கவன் எல்லாருமே கடைசில நம்மளக் கொல்லுவான். வளையல் செவக்கிற வரைக்கும் வெளிய விட மாட்டாவ. இப்பம் எம் புள்ள ஓடியாந்து கட்டிப் புடிச்சாலே செவக்குது."

"ஏலே, வாய மூடு!" என்றார் ஆதிமூலம்.

மங்கையர்க்கரசிக்கு யாவும் தெளிந்தன. அச்சத்தை அளக்கக் கருவி செய்தார்கள். அக்கருவிக்காகவே அச்சத்தைப் பயிர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அப்பயிருக்கு நீர் பாய்ச்சியவர் எதிரே அமர்ந்திருந்தார்.

"மேடம், பயந்தானான்னுதான் சட்டம் கேக்குது. ஏன் பயந்தான்னு கேக்கல" என்று ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரும் இப்படித்தான் தோண்டினாரு. இப்ப அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். மங்கையர்க்கரசி பேனாவை எடுத்து, 'குற்றமற்றவர்' என்று எழுதத் தொடங்கினார். மணிக்கட்டில் வெம்மை படர்ந்தது. வளையல் சிவந்திருந்தது.

ஆதிமூலம் முகம் மலர்ந்தார். "பாத்தீங்களா? நீங்க தப்பாவே எழுதினாலும் இனி சட்டம் உங்களையும் காப்பாத்தும்."

அஞ்சினார்க்கு அபயம் அளிப்பது இறைவன் செயலென்று நாள்தோறும் விடியலில் பதிகம் ஓதுபவர் மங்கையர்க்கரசி. அப்பதிகங்களில் அடைக்கலம் தேடி வந்தோர் எல்லாம் வெறுங்கையோடு வந்தவர்கள். அஞ்சுவோன் கையில் ஆயுதம் கொடுத்து, அவனுக்கே அடைக்கலமும் கொடுத்தால், அவன் எதிரே நிற்பவன் எங்கே போவான்?

எழுதியதை அடித்தார். கீழே நிதானமாக எழுதி, உரக்கவே படித்தார்: "காவலரின் அச்சம் மெய். ஆபத்து பொய். சுட்டவரும், அவ்வச்சத்தை அவருள் விதைத்த கண்காணிப்பாளரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்."

கையெழுத்திட்டபோது வளையல் பால்போல வெளுத்திருந்தது. காற்றில்லா இடத்துச் சுடர்போல அவர் உள்ளம் அசைவற்று நின்றது.

"அஞ்சாம எழுதியிருக்கீங்க" என்று ஆதிமூலம் எழுந்தார். "இனி உங்களுக்கு எந்தச் சமாதானமும் செல்லாது."

"தெரியும்" என்றார் மங்கையர்க்கரசி.

அப்போதுதான் அதை அனைவரும் கண்டனர். ஆதிமூலத்தின் மணிக்கட்டில் வளையல் செக்கச் சிவந்து ஒளிர்ந்தது. அந்தக் கை இடுப்புத் துப்பாக்கியின் அருகே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி, அக்கூடத்தில் இனி என்ன செய்தாலும் குற்றமற்றவர் அவர் ஒருவரே.

கடைசி வரிசையில் சந்தனமாரி எழுந்து நின்றாள், தன் கைகளைத் தூக்குவதா, தூக்காதிருப்பதா என்று அறியாமல்.