வாபஸ் வாங்க ஆளில்லை!

"ஐயோ... சார்ர்ர்!"

வசுமதி போட்ட அலறலில் டெல்லி நார்த் அவென்யூ மரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன.

எம்.பி. அழகர்சாமி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை. டம்ளரில் பாதிக் காபி.

மீதிப் பாதி அவரைக் கொன்றிருந்தது!

க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் ராஜவேல் வந்தார். சொந்த ஊர் திருமங்கலம். டெல்லியில் பல வருஷம் குப்பை கொட்டியும் நயமாகப் பேசக் கற்காதவர். டம்ளரை மோந்து பார்த்தார்.

"சயனைடு... நீ யாரும்மா?"

"சாரோட பி.ஏ. வசுமதி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன்."

"காபி யார் போட்டது?"

"நான்தான். வச்சிட்டு கீழே பால் வாங்கப் போனேன். கதவு திறந்தே இருந்தது. யார் வேணா வந்திருக்கலாம்."

"இவரை யாருக்கு ஆகாது?"

"கமிட்டித் தலைவருக்கு!"

பதில் பட்டென்று வந்தது.

குழந்தைகளைக் கொன்ற ஓர் இருமல் மருந்தை விசாரித்த பாராளுமன்றக் கமிட்டி அது. கம்பெனி மேல் தப்பே இல்லை என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாட்டேன் என்றவர் அழகர்சாமி மட்டும்தான்.

"நேத்தே மறுப்பு நோட்டு குடுத்துட்டார், சார். பதினாலு பக்கம்! எந்தக் குழந்தை, எந்த ஆஸ்பத்திரி, யார் மூடி மறைச்சா... எல்லாம் இருக்கு. நாளைக்கு ரிப்போர்ட்டோட சேர்ந்து சபைக்கு வந்தே ஆகணும்."

"தலைவர் தடுத்தா?"

"முடியாது. கையெழுத்துப் போட்டவரே வாபஸ் வாங்கினாத்தான் உண்டு."

"காலைல யார்கூடயாவது பேசினாரா?"

"ஊஹூம். போனையே தொடலை."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். உள்ளே வந்தவர்...

கமிட்டித் தலைவர் அனந்தகிருஷ்ணன்!

பிணத்தைப் பார்த்தார். முகத்தில் துக்கம் இல்லை. எரிச்சல் இருந்தது.

"இன்னிக்குப் பார்த்தா சாகணும், பாவி!"

"உங்களுக்கு நல்லதுதானே, சார்?" என்றார் ராஜவேல்.

"என்னய்யா நல்லது? காலம்பறதான் போன் பண்ணினான். மந்திரி பதவி நிச்சயம்னா நோட்டை வாபஸ் வாங்கிக்கறேன்னான். சரி, வந்து எழுதிக் குடுன்னேன். இவன் உசிரோட இருந்தாத்தான்யா எனக்கு லாபம்!"

ராஜவேல் தலையைச் சொறிந்தார்.

"போன்ல முதல்ல வந்தது யாரு, சார்?"

"டெல்லியில எந்த எம்.பி. தானா டயல் பண்றான்? பி.ஏ.தான். 'லைன்ல இருங்கோ, சார் பேசறார்'னு இந்தப் பொண்ணுதான் குடுத்தா."

ராஜவேல் மெல்லத் திரும்பினார்.

"போனையே தொடலைன்னியே, வசுமதி?"

அவள் முகம் வெளுத்தது. அப்புறம்... சிரித்தாள்!

"ஒட்டுக் கேட்டேன், சார். அந்தப் பதினாலு பக்கத்துல என் பொண்ணும் இருக்கா. நாலு வயசு. இருமறாளேன்னு ரெண்டு ஸ்பூன் குடுத்தேன்... என் கையால! மூத்திரம் நின்னுபோய்த் துடிச்சே செத்தா. 'உனக்காகத்தான் எழுதறேன்மா'ன்னார் இந்த ஆள். பதவின்னதும் வித்துட்டார்! போனை வச்சதும் 'காபி ஜல்தி'ன்னார். எனக்குன்னு வாங்கி வச்சிருந்ததைக் கலந்து குடுத்தேன். செத்தவர் வாபஸ் வாங்க முடியாதில்ல?"

விலங்கு மாட்டப்பட்டது.

அனந்தகிருஷ்ணன் யோசித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மலர்ந்தது.

"நோட்டுல தகாத வார்த்தை இருந்தா நீக்கற அதிகாரம் தலைவருக்கு உண்டும்மா. அழகர்சாமி இருந்தா, ஏன் நீக்கினேன்னு சபையையே ரெண்டாக்குவான். அதுக்குப் பயந்துதான் பேரம் பேசினேன்..."

பிணத்தின் தோளைச் செல்லமாகத் தட்டினார்.

"இப்ப யார் கேக்கப் போறா?"

மறுநாள் அறிக்கை சபைக்கு வந்தது. லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜவேல் முன் நின்றாள் வசுமதி.

"நோட்டு வந்துதா, சார்?"

"வந்துது. 'நான் உடன்படவில்லை. அழகர்சாமி.' அவ்வளவுதான்."

"எ... என் பொண்ணு பேரு?"

"தகாத வார்த்தையாம்."

அவளுக்கு அழக்கூட வரவில்லை. ராஜவேல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நீ ஒரு ஆளைக் கொன்னே, உள்ளே நிக்கறே. அவர் பதினாலு பக்கத்தைக் கொன்னுட்டு கார்ல போறார். அடுத்த தடவை பேனாவால கொல்லும்மா... அதுக்கு எங்ககிட்ட செக்‌ஷனே கிடையாது!"