அரை மில்லிகிராம் பொய்

தலையில்லாத உடல் ஒன்று மைதானத்தின் நடுவில் கிடந்தது!

அதைப் பார்த்து யாரும் அலறவில்லை. அது ஆடு. தலையறுத்த ஆட்டைக் குதிரைமேல் இருந்தபடியே பறித்து, எதிரணியின் மண்தொட்டிக்குள் வீசுவதுதான் கோக்-பொரு ஆட்டம். தலாஸ் ஊரே இன்று இறுதிப்போட்டிக்குக் கூடியிருந்தது.

அலறல் எழுந்தது, ஆட்டுக்குப் பக்கத்தில் விழுந்த இரண்டாவது உடலைப் பார்த்து!

"கூபாத்...!"

அணித்தலைவன் கூபாத். குதிரை நின்றது. அவன் நிற்கவில்லை.

போலீஸ் லெப்டினன்ட் புருல் கயிற்றைத் தாண்டி ஓடினாள். சிகரெட்டை விட்டதிலிருந்து எதையாவது கடித்துக்கொண்டே இருப்பவள். இப்போது பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி.

குதிரை டாக்டர் ஜொல்தோஷ் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தார்.

"உயிர் இருக்கா அண்ணே?"

"இருக்கு. குடம் குடமா வேர்க்குது, கை நடுங்குது, குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுச்சு. எனக்குக் குதிரைதான் தெரியும் தங்கச்சி. இவன் குதிரையா இருந்தா, 'புகையிலைத் தோட்டத்துல மேஞ்சிருக்கு'ன்னு எழுதியிருப்பேன்."

"நிக்கோட்டினா?"

"சந்தேகமே இல்ல!"

"பொழைப்பானா?"

"வாந்தி எடுத்ததே அவன் பண்ணின புண்ணியம். பொழைச்சுக்குவான். ஆனா இன்னிக்குக் குதிரை ஏற முடியாது."

"பிடிங்க அவளை...!"

கூபாத்தை மைதான ஓரத்துக்குத் தூக்கி வந்ததும் இடி போன்ற குரல். அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் சகின்பாய். தொப்பை முன்னால், அவர் பின்னால். உதட்டுக்கு உள்ளே வழக்கமான நஸ்வாய்ப் புகையிலை உருண்டை. அவர் விரல் நீண்ட இடத்தில் அகிலாய் நின்றாள். சந்தையில் மின் சிகரெட் கடை வைத்திருப்பவள். அடுத்த மாதம் கூபாத்துக்கு மனைவியாகப் போகிறவள்.

"அவ வித்த தண்ணியை ஊதித்தான் எம்புள்ள மாதிரி வளர்த்த பய கிடக்கிறான்! விலங்கு மாட்டும்மா!"

புருல் கூபாத்தின் சட்டைப்பையைத் துழாவினாள். ஒரு மின் சிகரெட். அதில் ஊற்றும் தண்ணி இருந்த ஒரு குட்டி பாட்டில். மேலே 'நிக்கோட்டின்: ஒரு மில்லிக்கு மூன்று மில்லிகிராம்' என்று அச்சு.

"பாத்தியா? மூணு!" சகின்பாய் குதித்தார். "அவன் முன்னாடி பிடிச்ச சிகரெட் பாக்கெட்ல என்ன போட்டிருக்கான்? அரை மில்லிகிராம்! ஆறு மடங்கு விஷம்! நேரா ஜெயில்தான்!"

கூட்டம் 'ஆறு மடங்கு... ஆறு மடங்கு' என்று முணுமுணுத்தது. யாரோ அகிலாய் மீது ஒரு தக்காளியை வீசினார்கள். குறி தவறி ஜொல்தோஷ் முதுகில் வெடித்தது!

அகிலாய் கண்ணைத் துடைத்தாள். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"ஐயா, அந்த மூணு, ஒரு மில்லி தண்ணிக்கு. உங்க அரை, ஒத்த சிகரெட்டுக்கு. லிட்டர் பாலையும் ஒத்தை முட்டையையும் பக்கத்துல வெச்சு எது பெருசும்பீங்களா? முன்னாடி அவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். இருபது. அந்தக் கணக்குக்கே பத்து மில்லிகிராம் ஆச்சு. இப்போ நாள் பூரா ஊதினாலும் ரெண்டு மில்லி. ஆறு! பத்துல விழாதவர் ஆறுல விழுவாரா?"

"இவளுக்கு வாயைப் பாரு!"

"கணக்கைப் பாருங்கன்னுதான் சொல்றேன்!"

புருல் தீக்குச்சியைத் துப்பினாள். கூபாத்தின் மின் சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தாள். இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கண்கள் சொருகின... சுகத்தில்!

"என்ன பண்றே நீ?" சகின்பாய் திகைத்தார்.

"சாட்சியை விசாரிக்கிறேன்."

மேலும் ஒரு இழுப்பு. மாதுளை வாசனைப் புகை. கூட்டம் அவள் விழக் காத்திருந்தது. அவள் விழவில்லை. ஒற்றைக்காலில் வேறு நின்று காட்டினாள்!

"பாட்டில் பொய் சொல்லல. அண்ணே... 'மேஞ்சிருக்கு'ன்னு சொன்னீங்களே? ஊதினதை மேயறதுன்னு சொல்ல மாட்டாங்களே?"

ஜொல்தோஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அதானே! வயித்து வழியா போயிருக்கு!"

"ஆட்டத்துக்கு முன்னாடி இவன் என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டாரு அக்கா," என்றாள் அகிலாய். "அணித்தலைவர் கிண்ணத்துல ஒரு வாய் குமிஸ். அவ்ளோதான்."

கூட்டம் முகம் சுளித்தது. குமிஸ்! குதிரைப்பால் புளித்த குமிஸ்! புகை போட்ட தோல்பையில் ஊறி, புகைவாசத்தோடுதான் எப்போதும் வரும். ஆசீர்வாதமாகக் கொடுப்பதை முகர்ந்து பார்ப்பதே அவமரியாதை. அதையா சந்தேகப்படுவது?

புருல் சந்தேகப்பட்டாள். ஓரத்து மேசையிலிருந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து உள்ளே விரலால் வழித்தாள். வெள்ளையாக இருக்கவேண்டிய அடி, பழுப்பாக இருந்தது.

"தலைவரய்யா... இந்தக் கிண்ணத்தை யார் கையால கொடுப்பாங்க?"

"நா... நான்தான். முப்பாட்டன் காலத்து வழக்கம்!"

"நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"சீ! ஆயுசுல தொட்டதில்ல. நஸ்வாய் மட்டும்தான். ஊருக்கே தெரியும்!"

"தெரியும். மேடைக்கு மேடை சொல்வீங்க. தொடாத பாக்கெட்ல அரை மில்லிகிராம்னு போட்டிருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சகின்பாயின் தாடை அசைவதை நிறுத்தியது.

"எ... எல்லாருக்கும் தெரியும்..."

"நாள் பூரா ஊதித் தள்ளின எனக்கே தெரியாது!" புருல் அவர் காதருகே குனிந்தாள். "கிண்ணத்துல முழுப் பாக்கெட்டை ஊறப்போட்டிருக்கீங்க. இருபது சிகரெட். இது கொலை முயற்சி. வெளியே வரும்போது பேரனுக்குப் பேரன் பிறந்திருப்பான்!"

"பொய்! அஞ்சே அஞ்சுதான் போட்டேன்! அஞ்சு அரை, ரெண்டரை மில்லிகிராம்! அந்த பாட்டில்ல ஒரு மில்லிக்குக் கூட ஆகா..."

நிறுத்தினார். ஆனால் காலம் கடந்துவிட்டது!

ஊரே அவரைப் பார்த்தது. உதட்டிலிருந்த நஸ்வாய் உருண்டை சட்டையில் விழுந்தது.

"லேசா மயங்கி உக்காருவான்னு நெனச்சேன்..." குரல் கரைந்தது. "தலைநகர்லேருந்து தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்காரங்க வந்திருக்காங்க. என் பையன் எல்தார் மாற்று ஆளாவே கிழவனாயிடுவான்... பழி பாட்டில் மேல போகட்டும்னு..."

"பாக்கெட்ல அச்சடிச்ச அரை, எரிச்சா புகையோட வர்றது," என்றாள் புருல். "ஒவ்வொரு சிகரெட் இலைக்குள்ளயும் பத்து மில்லிகிராமுக்கு மேலே உட்கார்ந்திருக்கு. நீங்க எரிக்கல. ஊறப்போட்டீங்க!"

அகிலாய்க்காக அவர் கேட்ட விலங்கு சகின்பாயின் கையில் பூட்டியது.

அப்போது, மறுபடி தொடங்கியிருந்த ஆட்டத்தில் ஓர் ஆரவாரம்! கூபாத்துக்குப் பதிலாக இறங்கிய எல்தார், ஆட்டைப் பறித்துக்கொண்டு புயலாய்ப் பறந்தான்!

"பாருங்கடா எம்புள்ளய...!" விலங்கோடு கைதட்டினார் சகின்பாய்.

எல்தார் தொட்டியை நெருங்கினான்... ஆட்டை ஓங்கி வீசினான்... உள்ளே விழுந்தது!

சொந்த அணியின் தொட்டியில்!

தேர்வுக்காரர்கள் நோட்டை மூடினார்கள். சகின்பாய் தானாகவே நடந்துபோய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கூபாத் ஒரு கண்ணைத் திறந்தான். முதலில் ஆட்டத்தைப் பார்த்தான். பிறகு அகிலாயை.

"கல்யாணம் அடுத்த மாசம்தானே?"

"அதுவரைக்கும் மாமன் மச்சான் யார் கொடுத்தாலும் குமிஸ் குடிக்காதீங்க!"

ஜொல்தோஷ் தக்காளியை வழித்தபடி புருலிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த குட்டி பாட்டிலைக் கொடு. கோர்ட்டுக்கு முத்திரை வைக்கணும்."

புருல் காலி பாட்டிலை நீட்டினாள். மூக்கின் இரண்டு துளையிலிருந்தும் மாதுளைப் புகை வந்தது.

"நிரபராதின்னு நிரூபணம் ஆயிடுச்சேண்ணே... அதான் சொட்டு விடாம விடுதலை பண்ணிட்டேன்!"